மேல் வரும்படி

"பொண்ணு பாக்க வீட்டுக்கெல்லாம் எதுக்கும்மா? நீங்க பஜ்ஜி, கேசரின்னு அலைவீங்க. ஆரணியில சம்பந்தம் பவன்னு ஏசி ஓட்டல் ஒண்ணு இருக்குதாமே, பத்தரைக்கு அங்க வந்துடுங்க. நாலு பேருதான் வர்றோம்."

மாப்பிள்ளையின் அப்பா அருணாச்சலம் கலசப்பாக்கத்திலிருந்து இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீட்டிலிருந்த மூன்று பேர் காதிலும் அது ஒரே சமயத்தில் விழுந்தது. முனியம்மா போனைக் கையில் பிடித்தபடியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கலையரசி இஸ்திரிப் பெட்டியைப் புடவையிலிருந்து தூக்க மறந்தாள். வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்த குணா, நுரையைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் விழுங்கிவிட்டான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சம்பந்தம் பவனில்தான் குணா ஒன்பது வருஷமாக சர்வர். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லப்பட்டிருந்ததோ வேறு.

"எம்மா, அவங்ககிட்ட என்னைப் பத்தி இன்னா சொல்லி வெச்சிருக்கே?"

"ஓட்டல்ல இருக்கான், மேனேஜ் பண்றான்னு சொன்னேன்."

"எதை?"

"பொதுவாத்தான்டா சொன்னேன். வாடகை, கேஸு, என் பிரஷர் மாத்திரை, எல்லாத்தையும் நீதானே மேனேஜ் பண்ணிகினு இருக்கே? அவரா, 'ஓ, ஓட்டல்ல மேனேஜரா'ன்னாரு. நான் இல்லைன்னு சொல்லல. அவ்ளோதான்."

"அண்ணன் சர்வர்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடும்மா" என்றாள் கலையரசி. புடவையில் லேசாகப் பொசுங்கின வாசனை வந்தது.

"நீ வாயை மூடிகினு இரு. உண்மையைச் சொல்லித்தான் மூணு எடம் போச்சு."

அது நிஜம்தான். கலையரசி பி.காம். படித்தவள். பட்டுக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். போட்டோவைப் பார்த்ததும் பிடித்துப்போய் வந்த மூன்று வரன்களும் அண்ணன் உத்தியோகத்தைக் கேட்டதும் பின்வாங்கின. ஒரு வீட்டில் நேராகவே கேட்டார்கள்: அப்பா இல்லாத பெண், அண்ணன்தான் தாரை வார்க்க வேண்டும், எச்சில் தட்டு எடுக்கிற கையாலா? 'தட்டு எடுப்பது கிளீனர், நான் பரிமாறுகிறவன்' என்று குணா விளக்கப் பார்த்தான். சொல்லி முடித்தபோது அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது. தட்டு எடுக்கிறவனுக்கும் ஒரு தங்கை இருப்பாள் அல்லவா?

குணாவின் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போகும். அதற்கு மேல் வாழ்க்கையில் என்னென்ன உண்டோ, அத்தனையும் டிப்ஸ். கலையரசியின் காலேஜ் பீஸ், முனியம்மாவின் மாத்திரை, தீபாவளிச் சட்டை எல்லாமே பில்லோடு நீட்டுகிற சோம்புத் தட்டில் வந்து விழுந்தவைதான். சம்பளம் உயர்த்தக் கேட்டால் முதலாளி சம்பந்தம், "அதான் டிப்ஸ் வருதில்ல?" என்பார். சாப்பிட வந்தவர்களோ, "அதான் சம்பளம் வாங்கறான் இல்ல?" என்று எழுந்து போவார்கள். இந்த இரண்டு 'அதான்'களுக்கும் நடுவில்தான் குணா குடும்பம் நடத்தினான். போதாததற்கு இப்போது எல்லாரும் போனிலேயே ஸ்கேன் செய்து கட்டிவிடுகிறார்கள். பைசா மாறாமல் பில் தொகை முதலாளி கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. மிச்சச் சில்லறை என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. முகூர்த்த மாசத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு. வெளியூரிலிருந்து வேன் பிடித்துக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் கையில் நோட்டு இருக்கும், மனசிலும் சந்தோஷம் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது. தங்கைக்காக அதை விட்டுவிட்டு லீவு போட்டிருந்தான்.

வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். சம்பந்தம் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "சரி, ஒரு வேளைக்கு மேனேஜரா இருந்துக்கோ. பசங்ககிட்ட சொல்லிடறேன். ஆனா மூணு கண்டிஷன்" என்றார்.

"சொல்லுங்க முதலாளி."

"கல்லாகிட்ட வரக்கூடாது. பில்லுல டிஸ்கவுண்ட் கேக்கக்கூடாது. லீவு போட்டா லீவுதான், சம்பளம் கட்."

மேனேஜர் பதவியை இவ்வளவு மலிவாக யாரும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பத்தரைக்கு நாலு பேர் வரவில்லை. பதினோரு பேர் வந்தார்கள், வேனில். அருணாச்சலம் முதலில் இறங்கி போர்டைப் பார்த்துவிட்டு, "சம்பந்தம் பவன்! சம்பந்தம் பேச இதைவிட ராசியான எடம் ஏது?" என்று தானே சொல்லித் தானே சிரித்தார். அவர் பின்னால் மாப்பிள்ளை ஜெயக்குமார் ஒடுங்கினாற்போல் வந்தான். ஏதோ ஓர் அலுவலகத்தில் கிளார்க். எந்த அலுவலகம் என்பது நமக்கு வேண்டாம். பிறகு அவன் அம்மா, மாமா, அத்தை, சித்தி, அவர்கள் பெற்றவை. "எங்க குணா இருக்கற ஓட்டல்தாண்ணா இது" என்று முனியம்மா முந்திக்கொண்டு சொல்லிவைத்தாள்.

ஏசி ஹாலில் மூன்று மேஜைகளைச் சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு மேஜையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்திருந்தான் குணா. போட்டதும் பழக்கதோஷத்தில் பாக்கெட்டிலிருந்த புதுக் கைக்குட்டையை எடுத்துப் பரபரவென்று துடைத்தான். அம்மா அவன் இடுப்பில் கிள்ளினாள்.

"மேனேஜர் தம்பியே துடைக்கறாரே!" என்றார் அருணாச்சலம் வியப்போடு.

"எல்லாத்தையும் நாமளே கவனிக்கணும் பாருங்க" என்று உட்கார்ந்தான் குணா. அந்த ஹாலின் நாற்காலியில் அவன் உட்காருவது அதுதான் முதல் தடவை. இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்த மேஜைக்குப் பரிமாற வந்தவன் வீரன். குணாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். முதலாளி 'மேனேஜர் மாதிரி மரியாதை குடு' என்று சொன்னாலும் சொன்னார், வீரன் கலெக்டர் வந்ததுபோல் ஆரம்பித்தான். குணா பக்கம் வந்தபோதெல்லாம் குனிந்தான். "மேனேஜர் சார், தண்ணி ஜில்லுனு வெக்கட்டுங்களா, சாதாவா வெக்கட்டுங்களா?" என்றான். குணா தும்மினபோது ஓடி வந்து ஏசியைக் குறைத்தான்.

ஆர்டர் எடுக்கிறபோது இன்னொரு சங்கடம். பதினோரு பேர் பதினோரு விதமாகச் சொல்லிவிட்டு நடுவில் இரண்டு தடவை மாற்றினார்கள். வீரன் தலையைச் சொறிந்தான். குணாவால் பொறுக்க முடியவில்லை. "ஏழு நெய் ரோஸ்ட், அதுல ரெண்டு மொறுகலா, ரெண்டு பூரி, அத்தைக்கு வெங்காயம் இல்லாம ஊத்தப்பம், குட்டிப் பாப்பாவுக்குக் காரம் போடாம பொடி இட்லி" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"அப்பா, இன்னா மூளை! மேனேஜர்னா சும்மாவா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

பெண் வீட்டார் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாப்பிடுவது மரியாதை என்று முனியம்மா முன்பே சொல்லி வைத்திருந்தாள். நெய் ரோஸ்ட்டுகள் வந்தன. பேச்சும் ஆரம்பித்தது.

"ஒளிவுமறைவு இல்லாம பேசிடுவோம்" என்றார் அருணாச்சலம் தோசையைக் கிழித்தபடி. "பையன் சம்பளம் இன்னான்னு கேக்காதீங்க. சம்பளத்தை அவன் தொடறதே இல்ல. அது பாட்டுக்கு பேங்க்ல கெடக்குது. எல்லாம் மேலயே வந்துடும்."

முனியம்மா கூரையைப் பார்த்தாள். "மேலன்னா?"

"மேல் வரும்படிம்மா. ஒரு நாளும் வெறுங்கையோட வீட்டுக்கு வந்ததில்ல. வீடு ஓட்டுக்கூரையா இருந்துது, இப்ப மாடி. அப்பேர்ப்பட்ட சீட்டு!" சித்தியும் அத்தையும் கோயிலில் சாமி பேர் கேட்டதுபோல் தலையை ஆட்டினார்கள். ஜெயக்குமார் வெட்கத்தோடு சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தான். "அதுக்கு ஏத்த மாதிரி இருபது சவரனும் ஒரு புல்லட்டும் போட்டீங்கன்னா போதும். மேனேஜர் தம்பிக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

மேனேஜர் தம்பி தண்ணீர் வேண்டும் என்று கேட்கக் கையைத் தூக்கினான். வீரன் வந்தான். வந்தவனுக்கு என்ன தோன்றியதோ, நாடகத்தில் முழுதாக மூழ்கிவிட்டானோ, அல்லது கல்லாவில் முதலாளி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் துணிந்தானோ, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேனேஜர் சார், உங்ககிட்டதான் சொல்ல முடியும். சில்லறையே யாரும் வெக்கறதில்ல சார். வீட்ல ரொம்ப பேஜாரா இருக்குது. சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க சார்."

குணாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒன்பது வருஷமாக அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் அது. அதற்கு என்ன பதில் வர வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"ஏத்திடலாம்" என்றான் சத்தமாக. "அடுத்த மாசத்துல இருந்து எல்லாருக்கும் ஏத்திடலாம்."

கல்லாவில் சம்பந்தத்துக்குப் புரையேறியது.

"அய்ய, ஏத்தாதீங்க தம்பி" என்றார் அருணாச்சலம். "இவனுங்களுக்கு எவ்ளோ குடுத்தாலும் கையை நீட்டிகினுதான் நிப்பானுங்க. தட்டுல விழற காசைப் பொறுக்கற பொழப்பு. நான் எந்த ஓட்டல்லயும் டிப்ஸ் வெக்கறதில்ல. பிச்சை போட்டுப் பழக்கினா சோம்பேறி ஆயிடுவானுங்க."

வீரன் முகத்திலிருந்த கலெக்டர் மரியாதையெல்லாம் வடிந்துபோயிற்று. தண்ணீரை ஊற்றினான். குணா தன் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? பக்கத்து மேஜையில் டிபன் சாப்பிட்டு எழுந்த பட்டுக்கடைக்காரர் ஒருவர், குணாவைப் பின்னாலிருந்து அடையாளம் கண்டு, தோளைத் தட்டி, அவன் சட்டைப் பையில் இருபது ரூபாய் நோட்டு ஒன்றைச் செருகினார். "நேத்து சில்லறை இல்லாம போயிட்டேன், வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

பதினோரு பேரும் சட்டைப் பையைப் பார்த்தார்கள்.

"கடன்!" என்றாள் முனியம்மா. "பட்டுக்கடைக்காரரு, குணாகிட்ட வாங்கின கடனைத் திருப்பிக் குடுக்கறாரு."

"பட்டுக்கடைக்காரரா? இருபது ரூபா கடனா?"

"பெரிய மனுஷங்க சின்னக் கடனை வெச்சுக்க மாட்டாங்க அண்ணா."

அருணாச்சலம் யோசித்தார். நம்பியும்விட்டார். "அதானே, அப்பறம் மேனேஜருக்கா டிப்ஸ் வெப்பாங்க?" என்று சிரித்தார். முனியம்மா மூச்சு விட்டாள். அந்த மூச்சு பாதியில் இருக்கும்போதே கலையரசி நிமிர்ந்தாள்.

"டிப்ஸ்தாங்க அது. எங்க அண்ணன் மேனேஜர் இல்ல, சர்வர். இந்த ஓட்டல்ல, இதே மேஜைக்கு. நான் படிச்ச படிப்பு, கட்டியிருக்கற இந்தப் புடவை எல்லாம் நீங்க பிச்சைன்னு சொன்ன காசுதான்."

 முனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அருணாச்சலத்தின் முகம் சிவந்து, மீசை துடித்து, கை மட்டும் நிதானமாக மிச்சத் தோசையை முடித்தது. விழுங்கிய பிறகு பேசினார்.

"ஏமாத்திட்டீங்க. சர்வர் வீட்ல சம்பந்தம்னா ஊர்ல நான் எப்டித் தலைநிமிர்ந்து நடப்பேன்?" மனைவியைப் பார்த்தார். மனைவி கலையரசியின் போட்டோவுக்கு முதலிலேயே மயங்கினவள். கண்ணால் ஏதோ சொன்னாள். அவர் குரலை இறக்கினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு லட்சணமா இருக்குது. சர்வர்னா அதுக்கு ஏத்தாப்போல பேசிக்கலாம். இருபது சவரன்னேன், இருபத்தஞ்சாப் போட்டுடுங்க. ஊர்ல கேட்டா நானே மேனேஜர்னு சொல்லிக்கறேன்."

ஒரு பொய்க்கு ஐந்து சவரன். முனியம்மா அதை இலவசமாகவே சொல்லியிருந்தாள்.

கலையரசி அவரை விட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். கோபமாக அல்ல, தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"உங்களுக்கு மேல வருதுன்னு சொன்னாரே, அதை வேலையை முடிச்சுக் குடுத்த அப்பறம் தருவாங்களா, முன்னாடியா?"

ஜெயக்குமார் அடிப்படையில் நல்ல பையன். அதுவரை யாரும் அவனை எதுவும் கேட்காததால், கேட்டதும் உற்சாகமாகி யோசிக்காமல் சொல்லிவிட்டான்: "முன்னாடிதாங்க. அப்பறம்னா எவன் தருவான்?"

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எங்க அண்ணன் அப்பறம்தான் வாங்கறாரு. அதுவும் அவங்களா மனசு வந்து குடுத்தாத்தான். குடுக்கலைன்னாலும் அடுத்த நாளு தோசை வரும், சூடா."

சிரிப்பு இரண்டு மூன்று மேஜைகளுக்குப் பரவியது. அருணாச்சலம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எழுந்திருங்கடா எல்லாரும்! இந்தச் சம்பந்தமே வேணாம். இவங்களுக்கும் நமக்கும் ஒண்ணும் இல்ல. கெளம்புங்க ஜல்தி!"

மாப்பிள்ளை வீட்டார் கை கழுவக்கூட நிற்கவில்லை. அப்போதுதான் வீரன் பில்லோடு வந்தான். பெண் வீட்டார் பில், பெண் வீட்டார் கையில்தான் கொடுக்க வேண்டும். பெண் பார்க்கிற செலவுக்கென்றே குணா முந்தின நாள் கடன் வாங்கி வைத்திருந்தான். கையை நீட்டி வாங்கினான். ஒரு தடவை பார்த்தான். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவரை மறித்து, பழகின கையால் பில்லையும் சோம்புத் தட்டையும் பதவிசாக நீட்டினான்.

"சார், பில்லு."

"எனக்கா? பொண்ணு வீட்டுக்காரங்கதான்யா குடுக்கணும்!"

"பொண்ணு வீடு இல்லைன்னு இப்பத்தானே சார் சொன்னீங்க? நமக்குள்ள ஒண்ணும் இல்ல. நீங்க கஸ்டமர், நான் சர்வர். தோசை நல்லா இருந்துதுங்களா?"

அருணாச்சலம் கல்லாவைப் பார்த்தார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒருவரிடம் நியாயம் கேட்பதுபோல், "முதலாளி, இது இன்னாங்க அநியாயம்?" என்றார்.

சம்பந்தத்துக்கு நியாயம், அநியாயம் இரண்டும் ஒன்றுதான். வசூலாவதுதான் முக்கியம். எழுந்து நின்று கும்பிட்டார். "ஸ்கேன் பண்றீங்களா, கேஷாங்களா?"

மேல் வரும்படியிலிருந்துதான் போயிருக்க வேண்டும். கல்லாவில் ஸ்கேன் பணம் வந்தால் பேசுகிற டப்பா, வந்து சேர்ந்த தொகையை ஹால் முழுக்கக் கேட்கும்படி தமிழில் அறிவித்தது. பைசா மாறாத தொகை. அருணாச்சலம் சோம்பு அத்தனையையும் கல்கண்டோடு சேர்த்து வேட்டி மடிப்பில் கொட்டிக்கொண்டு வேனில் ஏறினார். ஜெயக்குமார் மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவனுக்கு வேறு அப்பா வாய்த்திருக்கலாம்.

சம்பந்தம் நல்ல குஷியில் இருந்தார். வாசலில் பட்டுப் பைகளோடு அடுத்த வேன் வந்து நின்றது. "குணா, கூட்டம் வருது பார். யூனிபார்மைப் போட்டுக்கோ. லீவு லீவுதான், சம்பளம் கெடையாது. ஆனா டிப்ஸ் வந்தா முழுசா நீயே வெச்சுக்கோ. எனக்கு எவ்ளோ பெரிய மனசு பாத்தியா?"

நேற்றாக இருந்தால் குணா நன்றி சொல்லியிருப்பான்.

"லீவு லீவுதானே முதலாளி. நான் எங்க அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிகினு போறேன். காலையில இருந்து அவங்க சாப்பிடல."

வீரன் தோளிலிருந்த துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். "எனக்கும் தலைய வலிக்குது முதலாளி." சட்னி வாளியோடு வந்துகொண்டிருந்த இன்னொருவன் பாதி வழியில் நின்றான். வேனிலிருந்து இறங்கினவர்கள் ஹாலுக்குள் நுழைந்து, "எங்க உக்காரணும்?" என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. சம்பந்தம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"சரிடா, முழு நாள் சம்பளம்! போதுமா? போய் யூனிபார்மைப் போட்டுத் தொலைடா. சம்பளம் ஏத்தறதை அப்பறம் பேசலாம்."

"பேசலாம்னு சொல்லிட்டீங்க" என்றான் வீரன் துண்டை எடுத்தபடி. "எல்லாரும் கேட்டுகினீங்கதானே?"

யூனிபார்மோடு வந்த குணா அம்மாவையும் தங்கையையும் மூலையில் ஒரு மேஜையில் உட்காரவைத்தான். முனியம்மா அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகத்தோடு, "நல்ல எடம். உன் வாயாலயே கெட்டுச்சு" என்று மகளைத் திட்டினாள். கலையரசி பூரியைப் பிட்டாள். அவளுக்கு அவ்வளவு பசி.

திட்டிக்கொண்டே இருந்த முனியம்மாவின் கண் மகன் பின்னாலேயே போயிற்று. அவன் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு கையில் நாலு தட்டை அடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் சாம்பார் வாளியோடு, இடித்துக்கொண்டு ஓடுகிற குழந்தைகள்மேல் ஒரு சொட்டும் சிந்தாமல் அவன் புகுந்து புகுந்து வந்தான். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே தண்ணீர் போய்ச் சேர்ந்தது. ஒரு கிழவருக்குத் தோசையைத் துண்டு போட்டு வைத்துவிட்டு நகர்ந்தான். முனியம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. தரகர் அம்மாள். தேசூரில் இன்னொரு பையன் இருக்கிறானாம், கம்பெனியில் வேலை, நல்ல குடும்பம். "அவங்க ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. பொண்ணோட அண்ணன் மேனேஜர்தானே?"

கலையரசி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"யாரு சொன்னது உனக்கு? சர்வரு" என்றாள் முனியம்மா. "ஏசி ஹால் சர்வரு. வேணும்னா அவங்களை வந்து ஒரு தோசை சாப்பிட்டுப் பாக்கச் சொல்லு. காசு அவங்கதான் குடுக்கணும். இப்ப நான் சாப்பிட்டுகினு இருக்கேன், அப்பறமா பேசு."

போனை வைத்தாள். தட்டைப் பார்த்தாள். இட்லி இருந்தது, சட்னி தீர்ந்திருந்தது. குணா ஹாலின் அந்தக் கோடியில் இருந்தான். முனியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தூக்கி, பட்டுப் பைகள் நிறைந்த அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"சர்வர்! இங்க சட்னி!"